சுடாத கை

காலை டீயை ஈஸ்வரி எப்போதும் எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்பத்தான் ஊற்றுவாள். அன்றும் அப்படியே ஊற்றி, முந்தானை நுனியால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்து புருஷன் முன்னால் நீட்டினாள். மணவாளன் வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இடது கையால் வாங்கினான்.

"இன்னாங்க, ஆபரேசன் பண்ணி கை நல்லாயிடுச்சுன்னு ஊரே பேசிக்கினு கீது. நீங்க இன்னும் நொட்டாங்கையிலயே வாங்குறீங்க?"

"இத்தினி நாளு கட்டோட கெடந்தேன் இல்ல. பழகிப்போச்சு."

"பழக்கத்த மாத்துங்க. ஒங்களப் பாத்துட்டு ஒங்க பொண்ணு நர்மதாவும் நொட்டாங்கையிலயே சோறு திங்குறா."

சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மணவாளன் டம்ளரைத் தரையில் வைத்தான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வலது உள்ளங்கையை மெதுவாக டம்ளரின் மேல் பதித்தான். ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது. டம்ளர் அங்கே இருக்கிறது என்று கண் சொன்னது. கை ஒன்றும் சொல்லவில்லை. சூடு என்றும் சொல்லவில்லை, வழவழப்பு என்றும் சொல்லவில்லை. யாரோ தூங்குகிற ஆளின் கையை எடுத்துத் தன் தோளில் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. சட்டென்று கையை இழுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டான்.

அந்த வீட்டில் இந்த விஷயம் அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மணவாளன் குடும்பம் பொன்னேரிக்கு மேற்கே இருக்கும் ஆரணிக்குப் பக்கத்தில் நிலம் நீச்சோடு வாழ்ந்த குடும்பம். இப்போதும் நெல் வயல் இருக்கிறது. ஆனாலும் வயலில் வேலை இல்லாத நாட்களில் சும்மா உட்கார அவனுக்குப் பிடிக்காது. பொன்னேரி வரை பைக்கில் போய், அங்கே ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டி உருளைகளுக்கு நடுவே நுழைந்து, நீண்டு, சிவந்த கம்பியாக வெளியே ஓடி வரும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் கண் சொக்கும். சாயங்கால வானத்தைக் கயிறாகத் திரித்து யாரோ இழுத்துக்கொண்டு போவது போலிருக்கும் என்று ஈஸ்வரியிடம் அடிக்கடி சொல்வான். அவள், "ஒங்களுக்கு வேல செய்யத் தெரியுதோ இல்லியோ, நல்லா வேடிக்க பாக்கத் தெரியுது" என்பாள்.

அப்படி ஒருநாள், முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கையுறையைக் கழற்றியிருந்தான். கம்பி ஒன்று தடம் மாறித் திரும்பியது. வேறு யாராக இருந்தாலும் பின்னால் துள்ளி விழுந்திருப்பார்கள். மணவாளன் சின்ன வயதிலிருந்து மாடு கன்றோடு வளர்ந்தவன். அறுத்துக்கொண்டு ஓடும் கன்றின் கயிற்றை எட்டிப் பிடிப்பது போல, யோசிக்காமல், கையை நீட்டிப் பிடித்துவிட்டான். ஒரு நொடிகூட இருக்காது. ஆனால் உள்ளங்கை உள்ளங்கையாக இல்லை.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தோலும் சதையும் வெந்து, உள்ளே விரல்களுக்குப் போகிற உணர்ச்சி நரம்பும் கருகியிருந்தது. டாக்டர் சந்திரமோகன் என்பவர் பார்த்தார். வேலை என்ன, ஊர் எது என்று கேட்டுவிட்டு, இவன் விவசாயக் குடும்பம் என்று தெரிந்ததும் அவனுக்குப் புரிகிற மாதிரியே விளக்கினார்.

"மல்லிச்செடிக்குப் பதியம் போடுவீங்க இல்ல? கிளையை வளைச்சு மண்ணுல புதைப்பீங்க. வேர் விட்ட பிறகு தாய்ச்செடியிலேருந்து வெட்டுவீங்க. அதே மாதிரிதான். அடிவயித்துத் தோலைக் கொஞ்சம் தூக்கி, உங்க உள்ளங்கையில வச்சுத் தைப்போம். மூணு வாரம் கை வயித்தோடவே ஒட்டிக்கிட்டு இருக்கும். ரத்த ஓட்டம் பிடிச்ச பிறகு பிரிச்சுடுவோம்."

அந்த மூன்று வாரமும் மணவாளன் பாதி கனவிலேயே மிதந்தான். வலிக்குப் போட்ட மருந்து அவனை அமிழ்த்தி அமிழ்த்தி மேலே கொண்டு வந்தது. கனவில் அவன் வயல் சேற்றில் கையை விட்டுக்கொண்டு நிற்பான். சேறு வெதுவெதுப்பாக இருக்கும். விரல் நுனிகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கும். கையைத் தூக்கப் பார்த்தால் மொத்த வயலும் ஒரு பாயைப் போலக் கூடவே எழுந்து வரும். விழித்தால், கை வயிற்றோடு தைக்கப்பட்டிருக்கும். எது கனவு எது நிஜம் என்று பிரிக்கவே அவனுக்குத் தோன்றாது. ஈஸ்வரி இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டு வருவாள். குழந்தை மாதிரி வாயைத் திறப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்மதாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலு வயசுக் குழந்தை, கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, ஒன் கை ஏம்ப்பா வயித்துக்குள்ள பூந்துகிச்சு?" என்றது. அப்புறம் ஒற்றை விரலால் கையில் இருந்த புதுத் தோலை மெல்லத் தொட்டது. மணவாளன் குபீரென்று சிரித்துவிட்டான்.

"இன்னாங்க?"

"கையத்தான் தொட்றா. வயித்துல கிச்சுகிச்சு மூட்ற மாரி கீது."

வார்டே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் வார்டைப் பார்க்க வந்த டாக்டரும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "தோல்ல இருக்கிற உணர்ச்சி நரம்பு இன்னும் வயித்தோடதான் பேசிட்டிருக்கு. பிரிச்சதும் அந்தப் பேச்சு நின்னுடும். அப்புறம் கை புதுசாப் பேசக் கத்துக்கணும். மாசக்கணக்கா ஆகும். சிலருக்கு முழுசா வராது. அதுவரைக்கும் சூடு, கூர்மை எதுவுமே கைக்குத் தெரியாது, ஜாக்கிரதை."

இந்தப் பேச்சில் மணவாளன் காதில் விழுந்தது 'பிரிச்சதும்' என்ற ஒரு சொல்தான். ஈஸ்வரி அப்போது நர்மதாவைக் கழிவறைக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

பிரித்தார்கள். கட்டு அவிழ்த்தார்கள். உள்ளங்கையில் மெத்து மெத்தென்று ஒரு புதுத் தோல் உட்கார்ந்திருந்தது. பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. சின்னத் தலையணை மாதிரி உப்பியிருந்தது. அடிவயிற்றுத் தோல் ஆயிற்றே, நாளாக ஆக ரெண்டு மூன்று முடி வேறு முளைத்தது. நன்றாகத் தின்று உடம்பு போட்டால் கையும் சேர்ந்து தொந்தி போடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஊரில் அது பெரிய தமாஷாகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், "மணவாளனுக்கு ரெண்டு வயிறு, பாத்துப் போடுங்கப்பா" என்று கிண்டல் செய்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஆனால் அந்தக் கை ஊமையாக இருந்தது. நர்மதா தொட்டால் இப்போது வயிற்றிலும் கிச்சுகிச்சு இல்லை, கையிலும் இல்லை. ராத்திரி கனவில் மட்டும் கை பழையபடி எல்லாவற்றையும் உணர்ந்தது. நெல்லின் சுணை, கிணற்று நீரின் சில்லிப்பு, குழந்தையின் காது மடல், ஒன்று விடாமல் கனவில் வந்தது. விடிந்ததும் எல்லாம் வடிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் பெயர் ஷைனி. சின்னப் பெண்தான், ஆனால் பொறுமைசாலி. விரல்கள் மடங்க, நிமிரப் பயிற்சி கொடுப்பாள். அதோடு அவனைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் பஞ்சை வைப்பாள், தேங்காய் நாரை வைப்பாள்.

"இது என்னன்னு சொல்லுங்க அண்ணா?"

"பஞ்சு."

"கண்ணைத் திறந்து பாருங்க." நார் இருக்கும். "பரவாயில்ல. இப்ப பார்த்துக்கிட்டே தேய்ங்க. நார் இப்படி இருக்கும்னு கைக்குச் சொல்லிக் கொடுங்க. தினமும் செய்யணும். அப்புறம் இன்னொண்ணு, கையை எங்க வச்சாலும் முதல்ல கண்ணால பாருங்க. இப்போதைக்கு உங்க கண்ணுதான் இந்தக் கைக்குக் காவல்."

நாலைந்து தடவை போனான். ஒவ்வொரு தடவையும் தப்புத் தப்பாகவே சொன்னான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மாடு பிடித்த கை, கம்பி இழுத்த கை, இப்போது எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி பஞ்சா நாரா என்று உளறிக்கொண்டிருக்கிறதே என்று அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஒருநாள் பொன்னேரி வரை போய்விட்டு, ரயிலேறாமல், ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினான்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் ஈஸ்வரி.

"இனிமே வரத் தேவையில்லன்னுட்டாங்க. சரியாயிடுச்சாம்."

ஈஸ்வரி அங்கேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இதில் மணவாளனை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அடிபட்டு எழுந்த ஆளைப் பார்த்தால் நம் ஊரில் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்விதான் கேட்பார்கள். "சரியாயிடுச்சா?" டீக்கடையில் கேட்டார்கள். ரயிலில் கேட்டார்கள். வரப்பில் கேட்டார்கள். கூட வேலை பார்த்த பரத் போன் போட்டுக் கேட்டான். கேட்கிற தோரணையிலேயே பதிலும் இருக்கும். "இல்லைங்க, இன்னும் இல்லை" என்று ஆரம்பித்தால் கேட்டவர் முகம் சுருங்கும். அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் தவிப்பதைப் பார்த்து இவனுக்குச் சங்கடமாக இருக்கும். அதனால், "ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்று சொல்லப் பழகிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே பாதி நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

இதை நூறு சதம் நம்பியவள் ஒருத்தி உண்டு. அவன் அக்கா அஞ்சம்மாள். பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயில் தெருவில் வேப்பிலையும் மஞ்சளும் குங்குமமும் பொங்கல் பானையும் விற்கிறவள். புருஷன் போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்கு எல்லாம். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். கை நல்லபடியானால் ஆடி மாசம் தம்பி வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றி வந்து, பொங்கல் வைத்து, அந்தப் பானையை அவன் கையாலேயே இறக்கி வைப்பான் என்று.

"டேய் மணவாளா, கை சரியாயிடுச்சுன்னு ஈஸ்வரி சொன்னா. ஆடி வருது. அம்மனுக்குச் சொன்னத செஞ்சிடணும்டா."

"செஞ்சிடலாங்க்கா" என்றான் மணவாளன். வேறு என்ன சொல்வான்?

ஆடி ஞாயிறு. பெரியபாளையத்தில் கால் வைக்க இடமில்லை. லாரியிலும் வேனிலும் வந்து இறங்கிய குடும்பங்கள் ஆற்றங்கரை முழுக்க அடுப்பு மூட்டியிருந்தன. ஈர வேப்பிலை வாசமும், விறகுப் புகையும், மஞ்சள் தண்ணியும், பம்பைச் சத்தமும் ஒன்றாகக் கலந்து காற்றே கனமாகத் தொங்கியது. மணவாளன் இடுப்பில் வேப்பிலை கட்டி, ஈர உடம்போடு கோயிலைச் சுற்றி வந்தான். இலைகள் உடம்பில் உரசின. பசி மயக்கம், புகை மயக்கம், பம்பை மயக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிதந்தது போலவே மிதந்துகொண்டிருந்தான். மனிதர்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடமாடுவது போலத் தெரிந்தார்கள்.

சுற்றி முடித்து வந்தபோது பொங்கல் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். உறவுக்காரர்கள் சூழ்ந்து நின்றார்கள். உருக்காலையிலிருந்து பரத்தும் வந்திருந்தான். அஞ்சம்மாள் ரெண்டு துணிகளை மடித்துத் தம்பியின் கைகளில் கொடுத்தாள்.

"எறக்குடா என் ராசா. அம்மன் குடுத்த கையி. எல்லாரும் பாக்கட்டும்."

இடது கையில் துணியோடு பானையின் கழுத்தைப் பிடித்தான். வலது கையை அடியில் கொடுத்தான். தூக்குகிற வேகத்தில் வலது கைத் துணி நழுவி நெருப்பில் விழுந்தது. கண் அதைப் பார்க்கவில்லை. கண் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையும் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் உள்ளங்கையில் கொதிக்கிற பானையை ஏந்திக்கொண்டு, அம்மன் படத்தை வைத்திருந்த இடம் வரை நிதானமாக நடந்தான்.

பார்த்தவர்கள் ஒரு கணம் மூச்சை நிறுத்தினார்கள். யாரோ, "வெறுங்கையில தூக்குறாரும்மா!" என்றார்கள். இன்னொருவர், "சூடே ஏறல பாரு. அம்மா கூட நிக்குறா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து அடுப்புக்காரர்கள் எழுந்து வந்து கும்பிட்டார்கள். அஞ்சம்மாள் அழுதேவிட்டாள். அந்தப் புகைக்குள் மணவாளனுக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. சுடவில்லை, வலிக்கவில்லை, எல்லோரும் கும்பிடுகிறார்கள். ஊமைக் கை இத்தனை நாள் இதற்காகத்தான் காத்திருந்ததோ என்று நினைத்தான். மனசு அப்படியே பஞ்சாகப் பறந்தது.

பானையை இறக்கி வைத்தபோதுதான் அந்த வாசம் வந்தது. வேப்பிலை வாசமும் இல்லை, பொங்கல் வாசமும் இல்லை. அந்த வாசம் அவனுக்குத் தெரியும். உருக்காலையில் அன்று ஒருநாள் அவன் மூக்கில் ஏறிய அதே வாசம்.

ஈஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை நடுவே புதுத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஓரமெல்லாம் கொப்புளம். ஓரிடத்தில் பானையின் கரி அப்படியே தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மணவாளன் வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வலிக்கலியா?"

அவன் இடது கை விரலால் அந்தக் கரியைச் சுரண்டப் பார்த்தான்.

"ஒன்னத்தான்யா கேக்குறேன். வலிக்கலியா ஒனக்கு?" கல்யாணமான நாளாக 'நீங்க' என்றே பேசிப் பழகிய வாயில் 'நீ' வந்துவிட்டது.

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே. கட்டு பிரிச்ச நாள்லேர்ந்து இந்தக் கையில ஒண்ணுமே தெரில ஈஸ்வரி."

குலவை நின்றுவிட்டது. கும்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கித் தங்கள் அடுப்புக்குப் போனார்கள். பரத் வண்டி எடுக்க ஓடினான். அஞ்சம்மாள் குடத்துத் தண்ணீரை எடுத்துத் தம்பியின் கையில் ஊற்றிக்கொண்டே நின்றாள். குடம் காலியானது.

"நீ சொன்னத நம்பித்தானடா இத்தச் செய்யச் சொன்னேன். கைக்குத் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பானைய நான் எறக்க மாட்டேனா? அம்மன் வேணாம்னா சொல்லியிருப்பா? அவ இன்னா ஒன் கைய வேகவெக்கச் சொன்னாளா?"



மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. டாக்டர் சந்திரமோகன் கையை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நடுவுல இருக்கிற தோல் செத்துப்போச்சு. அதை எடுத்துட்டுத் தொடையிலேருந்து மெல்லிசாத் தோல் எடுத்து ஒட்டணும். இது சுருங்குற தோல். கட்டைவிரல் முந்தி மாதிரி முழுசா விரியாது. பின்னாடி இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்." கையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "தைச்ச தோல் நல்லாப் பிடிச்ச கை, மணவாளன். பயிற்சிக்கு வந்துட்டிருந்தா இந்நேரம் ஓரத்துலயாவது சூடு தெரிய ஆரம்பிச்சிருக்கும். தெரியலன்னாலும் பார்த்துத் தொடுற பழக்கமாவது வந்திருக்கும். எங்களால தோலைத் தைக்கத்தான் முடியும். மிச்சத்தை உங்ககிட்டதான் கொடுத்து அனுப்புறோம்."

அவர் போன பிறகு கட்டிலருகே ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வாரம் ஒங்களுக்கு ஊட்டிவுட்டேன். குளிப்பாட்டிவுட்டேன். அப்ப எங்கிட்ட வெக்கப்படல. கையில உணர்ச்சி இல்லன்னு சொல்ல மட்டும் வெக்கமா இருந்துச்சா?"

"வெக்கம் இல்ல ஈஸ்வரி. நீ அன்னிக்குக் கையெடுத்துக் கும்புட்ட பாரு. அந்த மொகத்த அழிக்க மனசு வரல."

"இப்ப மட்டும் எம்மொகம் நல்லா கீதா?"

மணவாளன் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் அவளே துடைத்துவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. நாஷ்டா முடிந்ததும் நர்மதா ஒரு தட்டில் பஞ்சு, நார், புளியங்கொட்டை, துணி என்று பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவாள். அவளுக்கு இது விளையாட்டு. அப்பா கண்ணை மூடவேண்டும். அவள் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைப்பாள். அவன் தப்பாகச் சொன்னால் கைதட்டிக் குதிப்பாள். எல்லாமே தப்புத்தான். ஆனாலும் இப்போது அவனுக்கு அவமானமாக இல்லை. ஷைனியிடம் தவறாமல் போனான். போகிற நாளில் டிபன் டப்பாவோடு ஈஸ்வரியும் ரயிலேறினாள். டீ டம்ளரை நீட்டும்போதெல்லாம் "பாத்து" என்பாள். அவன் முதலில் ஆவியைப் பார்ப்பான். அப்புறம்தான் வாங்குவான், இடது கையால்.

கார்த்திகை முடிந்து, பனி இறங்க ஆரம்பித்த ஒரு காலை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். வழக்கம் போல அரைத் தூக்கத்தில் வயல் வந்தது, சேறு வந்தது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில், பழைய தோலும் புதுத் தோலும் சேருகிற ஓரத்தில், ஏதோ சுணைசுணையாக ஊர்ந்தது. கனவில் இப்படி எத்தனையோ தடவை ஊர்ந்திருக்கிறது. அதனால் அவன் பேசாமல் இருந்தான்.

"அப்பா, சொல்லு! இன்னா வெச்சேன்?"

கண்ணைத் திறந்தான். கனவு கலைந்த பிறகும் அந்தச் சுணை ஓரத்தில் அப்படியே இருந்தது. நர்மதா களத்திலிருந்து ஒரு நெற்கதிரை எடுத்து வந்து கையில் வைத்திருந்தாள். நடுவில் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் மட்டும், ஒரு நகத்தின் அகலத்துக்கு, நெல் இருந்தது.

"நெல்லு" என்றான். மறுபடி, "நெல்லும்மா" என்றான். ஈஸ்வரி அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். பெயர் ஜோசப். அதே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனி. அவனுக்கும் வலது கை. வயிற்றிலிருந்து பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் பெண்சாதி, மடியில் பையை வைத்துக்கொண்டு கவலையாக உட்கார்ந்திருந்தாள். ஜோசப் மணவாளனின் கையைப் பார்த்தான். தழும்பைப் பார்த்தான். எல்லோரும் கேட்பதைத்தான் அவனும் கேட்டான்.

"அண்ணே, ஒங்களுக்குச் சரியாயிடுச்சா?"

மணவாளனின் வாயில் பழைய பதில் தயாராக வந்து நின்றது. 'ஆயிடுச்சு' என்று சொன்னால் அந்த ரெண்டு முகமும் மலரும். அது அவனுக்குத் தெரியும். ஈஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா" என்றான். "இன்னும் சரியாவல. ஓரத்துல கொஞ்சம் தெரிய ஆரம்பிச்சிருக்கு, அவ்ளோதான். நடுவுல பாத்தியா, இது நானா பண்ணிக்கினது. கேக்குறவங்க எல்லார்கிட்டயும் சரியாயிடுச்சு சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கினு திரிஞ்சேன். பயிற்சிக்கு வராம ஊட்டுல பொய் சொன்னேன். கடசியில கொதிக்கிற பானைய வெறுங்கையில தூக்கினேன், சுடல. சுடலன்னு சந்தோசம் வேற பட்டேன்." ஜோசப்பின் கையைக் காட்டிச் சொன்னான். "தையல் பிரிக்கிற அன்னிக்கு வைத்தியம் முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்காத தம்பி. நம்ம வேல அன்னிக்குத்தான் ஆரம்பிக்குது. கையில இன்னா கொற இருந்தாலும் டாக்டர்கிட்டயும் ஊட்டுல இருக்கிறவங்ககிட்டயும் மறைக்காம சொல்லிடு. தெரிஞ்சாத்தான் அவங்களால ஒன்னக் காப்பாத்த முடியும்."

ஜோசப் தலையைக் குனிந்துகொண்டு தன் கையையே பார்த்தான். உள்ளே ஷைனி யாரையோ கண்ணை மூடச் சொல்லும் சத்தம் கேட்டது. அப்புறம் ஜோசப் மெதுவாகப் பெண்சாதியின் பக்கம் திரும்பினான்.

"நேத்து ராத்திரி நீ என் கையப் புடிச்சிக்கினு அழுத இல்ல?" என்றான். "நான் தூங்குற மாரி கெடந்தேன். தூங்கல. நீ புடிச்சது எனக்குத் தெரிலடி. சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுது. சொல்ல பயந்துக்கினு இருந்தேன்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையை இரண்டு கைகளாலும் எடுத்து, அவன் கண் பார்க்கிற மாதிரி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.